நீர்க்கொத்துகளில் சமதானி விளைவைக் கணிக்கும் முறை: ஒரு மடிக்கணினியே போதும்

இரண்டு நீர் மூலக்கூறுகள் ஓர் ஐதரசன் பிணைப்பால் சேர்ந்து நிற்கின்றன. அவற்றிலுள்ள நான்கு ஐதரசன் அணுக்களில் ஒன்றுக்குப் பதிலாகத் தூத்தேரியத்தை (ஐதரசனின் பாரமான சமதானி, அதாவது ஐசோடோப்பு) வைத்தால், அது பிணைப்புக்குள் நிற்கும் இடத்தைத் தேடுமா, வெளியே நிற்கும் இடத்தைத் தேடுமா, அந்த நாட்டம் எவ்வளவு என்ற கேள்விக்குக் கணினியில் விடை காணும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் பட்டப்படிப்புப் படிக்கும் மாணவர்களையும், உயர்தர இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பெரிய கணினிக்கூடம் இல்லாத இடத்திலும் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

நாம் அன்றாடம் பார்க்கும் நீரோடும் இதற்குத் தொடர்பு உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் வற்றிச் செல்லும்போது, ஆவியாகிப் போகும் நீரைவிட எஞ்சி நிற்கும் நீரில் தூத்தேரியமும் பாரமான ஒட்சிசன் சமதானியான ஒட்சிசன்-18உம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகின்றன. 25 பாகை செல்சியசில் நீரும் நீராவியும் சமநிலையில் இருந்தால், நீரிலுள்ள தூத்தேரிய விகிதம் ஆவியிலுள்ளதைவிட ஆயிரத்துக்கு ஏறத்தாழ 79 பங்கு அதிகமாக இருக்கும். ஒட்சிசன்-18இன் விகிதம் ஆயிரத்துக்கு 9 பங்கு அளவே அதிகமாக இருக்கும். காற்று வறண்டிருக்கும்போது பாரமான மூலக்கூறு மெதுவாகப் பரவுவதாலும் ஒரு பங்கு சேருகிறது. அந்தப் பங்கைப் பழைய நியூற்றன் இயக்கவியலாலேயே விளக்கலாம். சமநிலைப் பங்கை அப்படி விளக்க முடியாது.

ஏன் முடியாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னர் வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே பிறக்கிறது. பழைய இயக்கவியலில் ஓர் அணுவின் சராசரி இயக்கசக்தி வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது; அணு எங்கே இருந்தாலும், எதனோடு பிணைந்திருந்தாலும், அதன் திணிவு எதுவானாலும், அது போல்ட்ஸ்மான் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கிய தொகையின் ஒன்றரை மடங்குதான். இலத்திரன்கள் உண்டாக்கும் அழுத்தசக்திப் பரப்பிலும் கருவின் திணிவு இடம்பெறுவதில்லை. ஆகவே திணிவை மாற்றினால் இரண்டு இடங்களிலும் ஒரே அளவு மாற்றமே நிகழும். கழித்தால் மிஞ்சுவது பூச்சியம். நீருக்கும் ஆவிக்கும் இடையே சமநிலையில் காணப்படும் சமதானிப் பிரிவு, அதாவது ஐசோடோப்புகள் பங்கிடப்படும் வேறுபாடு, முழுவதும் கருக்களின் குவாண்டம் இயல்பிலிருந்தே வருகிறது. ஹரோல்ட் யூரே 1931இல் தூத்தேரியத்தைக் கண்டுபிடித்து 1934இல் நோபல் பரிசு பெற்ற பின், 1947இல் இந்தச் சமநிலைப் பிரிவை அதிர்வு மீடிறன்களிலிருந்து கணிக்கும் வழியை ஒழுங்குபடுத்தினார். நாம் தொடங்குவதும் அங்கிருந்துதான்.

முதலில் தாளும் பேனாவும்

கணினியைத் திறப்பதற்கு முன் இசை அதிர்வு அண்ணளவாக்கத்தில் (பிணைப்பை ஓர் எளிய வில்லாகக் கருதி) ஒரு கணக்கைக் கையால் செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நேரே பெரிய செய்நிரலுக்குப் போகிறவர்கள், வெளிவரும் எண் சரியா பிழையா என்று தெரியாமல் வாரக்கணக்கில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பின் நீட்டல் மீடிறன் சுமார் 3700 செ.மீ.⁻¹. 300 கெல்வினில் வெப்பச் சக்தியை (போல்ட்ஸ்மான் மாறிலி × வெப்பநிலை) இதே அலகில் எழுதினால் 208.5 செ.மீ.⁻¹. இரண்டின் விகிதம் 17.7. இந்த எண் 1ஐவிடச் சிறியதாக இருந்தால்தான் பழைய இயக்கவியல் செல்லுபடியாகும்; 17.7 என்றால், அறை வெப்பநிலையிலும் அந்த ஐதரசன் தன் பூச்சியப் புள்ளி நிலையிலேயே (குவாண்டம் விதி அனுமதிக்கும் மிகத் தாழ்ந்த சக்தி நிலையிலேயே) அடங்கிக் கிடக்கிறது என்று பொருள். ஒரு தனி நீர் மூலக்கூறின் பூச்சியப் புள்ளிச் சக்தி சுமார் 4638 செ.மீ.⁻¹, அதாவது வெப்பச் சக்தியின் இருபது மடங்குக்கும் மேல்.

இருபகுதியத்தில், அதாவது இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த கொத்தில், இதன் விளைவு அளவிடப்பட்டிருக்கிறது. சாதாரண நீரின் இருபகுதியத்தைப் பிரிக்க 1105 செ.மீ.⁻¹ தேவை, பார நீரின் இருபகுதியத்தைப் பிரிக்க 1244 செ.மீ.⁻¹ தேவை. இரண்டுக்கும் அழுத்தசக்திக் கிணற்றின் ஆழம் ஒன்றே, சுமார் 1750 செ.மீ.⁻¹. எஞ்சிய வேறுபாடு முழுவதும் பூச்சியப் புள்ளிச் சக்தியிலிருந்து வருவது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பிணைப்புச் சக்தியைப் பூச்சியப் புள்ளி அசைவு உண்டுவிடுகிறது என்பதை மாணவர்கள் முதன்முறை காணும்போது வியப்படைவார்கள், வியப்படைவது நியாயம்தான்.

இனி இந்த விளைவுக்குள் ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு போக்குகள் இருப்பதைக் கவனியுங்கள். ஐதரசன் பிணைப்பில் சேரும் அணுவின் நீட்டல் மீடிறன் குறைகிறது: இருபகுதியத்தில் அது 3600 செ.மீ.⁻¹ அளவுக்கு இறங்குகிறது. மீடிறன் குறைந்தால் பூச்சியப் புள்ளிச் சக்தியும் குறையும். அதில் அதிக இலாபம் பெறுவது இலேசான ஐதரசன். ஆகவே நீட்டலை மட்டும் பார்த்தால் பிணைப்புக்குள் இருக்க ஐதரசனுக்கே உரிமை கூடுதல். ஆனால் அதே அணு பக்கவாட்டில் அசைவது இப்போது கடினமாகிறது. தனி மூலக்கூறில் தடையற்ற சுழற்சியாக இருந்தது, கொத்தில் சில நூறு செ.மீ.⁻¹ மீடிறனுள்ள ஊசலாட்டமாக மாறுகிறது. இதற்கான பூச்சியப் புள்ளிச் சக்தி கூடுதலாகச் செலுத்தவேண்டிய கூலி. தூத்தேரியம் குறைந்த கூலி செலுத்துகிறது. எண்களை இட்டுப் பாருங்கள்: நீட்டலில் சுமார் 100 செ.மீ.⁻¹ இறக்கம் என்றால் ஐதரசனுக்கு 50 இலாபம், தூத்தேரியத்துக்கு அதன் 0.73 மடங்கு, சுமார் 37. வித்தியாசம் 13 மட்டுமே. ஊசலாட்டப் பக்கத்தின் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. எனவே தாழ்ந்த வெப்பநிலையில் தூத்தேரியமே பிணைப்புக்குள் வந்து அமர்கிறது. பரிசோதனைகளும் அதையே காட்டியுள்ளன. வெப்பநிலை உயர்ந்தால் ஊசலாட்டங்கள் பழைய இயக்கவியலை நெருங்கி வலுவிழக்க, நீட்டல் பக்கம் மேலோங்குகிறது. 220 பாகை செல்சியசுக்கு மேல் தூத்தேரியம் நீரைவிட ஆவியில் கூடுதலாகக் காணப்படும் விசித்திரத்துக்குக் காரணம் இந்தப் போட்டியே என்பதை மார்க்லண்டும் பேர்னும் 2012இல் கணிப்பால் காட்டினார்கள்.

அழுத்தசக்திச் சார்பைத் தெரிவுசெய்தல்

அழுத்தசக்திச் சார்பு என்பது அணுக்கள் நிற்கும் இடங்களுக்கேற்பச் சக்தியைத் தரும் சூத்திரம். மேலே சொன்ன போட்டியைச் சரியாகக் காட்டாத சார்பை எடுத்தால் மிகுதி உழைப்பு வீண். பிணைப்பு நீளமும் கோணமும் மாறாத விறைப்பான நீர் மாதிரிகளை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அவற்றில் நீட்டலே இல்லை. நீட்டலை வெறும் இசை வில்லாக வைக்கும் மாதிரிகளும் ஏமாற்றும், ஏனென்றால் அவற்றில் ஐதரசன் பிணைப்பு ஏற்படும்போது நீட்டல் போதிய அளவு தளர்வதில்லை. இதனால் ஊசலாட்டப் பக்கம் தனியே நின்று, சமதானி விளைவு மிகைப்பட்டுத் தெரியும்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது கியூ-டிப்4பி/எஃப் என்ற மாதிரி. ஹபர்ஷன், மார்க்லண்ட், மனோலோபொலஸ் ஆகிய மூவரும் 2009இல் குவாண்டம் கணிப்புகளுக்கென்றே உருவாக்கியது அது. அதன் நீட்டல் பகுதி நான்காம் அடுக்குவரை விரிக்கப்பட்ட மோர்ஸ் வடிவம். சமநிலை நீளம் 0.9419 அங்ஸ்ரம், கோணம் 107.4 பாகை. ஆயினும் அது திரவ நீருக்காகச் சீர்செய்யப்பட்டது. அதன் ஏற்றங்கள் திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று முனைவாக்குவதைச் சராசரியாக உள்ளடக்கியவை. எனவே தனித்த இருபகுதியத்தின் பிணைப்பை அது உண்மையைவிட வலுவாகக் காட்டும். முறையைக் கற்றுக்கொள்ள அது போதும். பரிசோதனையோடு ஒப்பிடும் எண்ணைத் தரவேண்டிய கட்டத்தில், பயசானியின் குழுவினர் உயர்தரக் குவாண்டம் இரசாயனக் கணிப்புகளிலிருந்து கட்டிய எம்பி-போல் போன்ற சார்புக்கு மாறிக்கொள்ளுங்கள். அது மிக மெதுவாக ஓடும் என்பதால், எல்லாவற்றையும் முதலில் எளிய மாதிரியில் ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

மணிவளையமும் மணிகளின் தொகையும்

பைன்மன் 1948இல் முன்வைத்த பாதைத் தொகையீட்டின்படி, சமநிலையில் உள்ள ஒரு குவாண்டம் அணுவை, விற்களால் வரிசையாக இணைக்கப்பட்டு வளையமாக மூடிய பல மணிகளாகக் கருதலாம். ஒவ்வொரு மணியும் அதே அழுத்தசக்தியை உணர்கிறது. அடுத்தடுத்த மணிகளை இணைக்கும் வில்லின் விறைப்பு அணுவின் திணிவுக்கும் வெப்பநிலையின் வர்க்கத்துக்கும் விகிதசமம். இலேசான அணுவின் வளையம் அகன்று விரியும். பாரமான அணுவின் வளையம் சுருங்கி ஒரு புள்ளியை நெருங்கும். இந்த வளையத்தைச் சாதாரண மூலக்கூற்று இயக்கவியல்போலவே ஓட்டலாம் என்பதே இம்முறையின் அழகு.

மணிகள் எத்தனை வேண்டும் என்பதற்குப் பலரும் பழக்கத்தால் 32 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணை நீங்களே கணித்துக்கொள்ள ஓர் எளிய சூத்திரம் உண்டு. ஓர் இசை அதிர்வுக்கு, அதிர்வுச் சக்திக்கும் வெப்பச் சக்திக்கும் உள்ள விகிதத்தை மணித்தொகையின் இருமடங்கால் வகுத்து, வர்க்கித்து, அதோடு 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதன் தலைகீழைப் பாருங்கள்: பெறப்படும் இயக்கசக்தி உண்மைப் பெறுமானத்தின் எத்தனை மடங்கு என்பது அதுவே. விகிதம் 17.7 ஆக இருக்கும்போது 8 மணிகளில் உண்மையின் 67 வீதமே கிடைக்கும். 16இல் 87 வீதம், 32இல் 96 வீதம், 64இல் 99 வீதம். 100 கெல்வினில் விகிதம் 53 ஆகிவிடுவதால் 32 மணிகள் 77 வீதத்தையே தரும். 98 வீதத்தை எட்ட 128 மணிகள் வேண்டும். குளிரக் குளிர மணிகள் கூடவேண்டும் என்பதை மறந்து, 300 கெல்வினுக்குரிய கோப்பை அப்படியே எடுத்து வெப்பநிலையை மட்டும் மாற்றுவதே இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை.

இங்கே ஒரு ஆறுதலும் உண்டு. நமக்கு வேண்டியது ஒரே அணு இரண்டு இடங்களில் காட்டும் வேறுபாடு. மணிக்குறைவால் வரும் வழு இரு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், கழிக்கும்போது பெரும்பகுதி நீங்கிவிடும். அப்படியானாலும் 64, 128, 192 என மூன்று தொகைகளில் ஓட்டி, விடை நிலைத்துவிட்டதா என்று பார்த்த பின்னரே அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டு பெரிய எண்களைக் கழிக்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். ஐதரசனை வைத்து ஓர் ஓட்டம், தூத்தேரியத்தை வைத்து இன்னோர் ஓட்டம், இரண்டின் மொத்தச் சக்தியையும் கழித்தால் விடை என்று நினைப்பது இயல்பு. ஆனால் அப்படிக் கிடைப்பது, அணு எந்த இடத்தை நாடும் என்பதைத் தீர்மானிக்கும் சுயாதீன சக்தி அல்ல. மேலும் புள்ளிவிபர இரைச்சல் விடையை மூடிவிடும்.

சரியான வழி திணிவின் பெறுதி. ஓர் அணுவின் திணிவைச் சிறிதளவு கூட்டினால், தொகுதியின் சுயாதீன சக்தி அந்த அணுவின் சராசரி இயக்கசக்தியைத் திணிவால் வகுத்த வீதத்தில் குறைகிறது. ஆகவே ஐதரசனின் திணிவு 1.008இலிருந்து தூத்தேரியத்தின் 2.014 வரை இந்த வீதத்தைத் தொகையிட்டால், ஓர் இடத்தில் அணுவை மாற்றுவதற்கான சுயாதீன சக்தி மாற்றம் கிடைக்கும். இதை இரண்டு இடங்களுக்கும் செய்து வேறுபாட்டை எடுக்க வேண்டும்.

அளவுகளை உணர்ந்துகொள்ளுங்கள். திரவ நீரில் 300 கெல்வினில் ஓர் ஐதரசனின் இயக்கசக்தி சுமார் 150 மில்லி இலத்திரன்வோற்று. பழைய இயக்கவியல் தரும் பெறுமானமோ 38.8 மட்டுமே. தூத்தேரியத்துக்கு அது 110இன் அருகே இறங்குகிறது. தொகையிட்டால் ஏறத்தாழ 90 மில்லி இலத்திரன்வோற்று வரும். ஆயிரத்துக்கு 79 பங்கு என்ற நீர்–ஆவிப் பிரிவை அதே அலகுக்கு மாற்றினால் அது 2 மட்டுமே. தொண்ணூறில் இரண்டைத் தேடுகிறோம். அந்த இரண்டுக்குள்ளும் எதிரெதிரான இரு பங்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நிற்கின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமானால் 0.03 மில்லி இலத்திரன்வோற்று அளவுக்குக் கணிக்கவேண்டும். இதனால்தான் ஒவ்வொரு படியிலும் இத்தனை கவனம் கேட்கிறேன்.

தொகையீட்டைத் திணிவின்மீது நேரே செய்யாமல், திணிவின் வர்க்கமூலத்தின் தலைகீழை மாறியாகக் கொண்டு செய்யுங்கள். பூச்சியப் புள்ளி நிலையில் இயக்கசக்தி அந்த மாறிக்கு விகிதசமமாக இருப்பதால், இயக்கசக்தியை அம்மாறியால் வகுத்து வரைந்தால் ஏறத்தாழக் கிடையான கோடு வரும். கிடையான கோட்டைத் தொகையிட ஐந்து புள்ளிகள் தாராளம். தொகையீட்டின் முன் 2ஆல் பெருக்க மறவாதீர்கள். அம்மாறியில் சம இடைவெளியாக வரும் திணிவுகள் 1.008, 1.173, 1.383, 1.654, 2.014. இத்தகைய மாறி மாற்றத்தையும், ஒரே ஓட்டத்திலிருந்து விடை எடுக்கும் இன்னும் சுருக்கமான வழிகளையும் செரியோட்டியும் மார்க்லண்டும் 2013இல் விரிவாக ஆராய்ந்தார்கள். சுருக்க வழிகளைப் பின்னர் கற்கலாம். முதன்முறை ஐந்து திணிவுகளையும் ஓட்டியே பாருங்கள், ஏனென்றால் கோடு கிடையாக வராவிட்டால் எங்கோ பிழை என்பதை அந்த வரைபு உடனே காட்டிவிடும்.

இயக்கசக்தியை மணிகளின் வேகத்திலிருந்து எடுக்கக் கூடாது. அந்த வேகங்கள் மாதிரி எடுப்பதற்கான கருவிகள் மட்டுமே. மையத்தைச் சார்ந்த வீரியல் மதிப்பீட்டைப் பயன்படுத்துங்கள்: ஒவ்வொரு மணியும் வளையத்தின் மையத்திலிருந்து விலகியிருக்கும் காவியை அம்மணியில் உள்ள அழுத்தசக்திச் சாய்வோடு புள்ளிப்பெருக்கம் செய்து, எல்லா மணிகளுக்கும் சராசரி எடுத்து, பாதியாக்கி, பழைய இயக்கவியலின் ஒன்றரை மடங்கு வெப்பச் சக்தியைக் கூட்டவேண்டும். விற்களின் நீட்சியிலிருந்து எடுக்கும் மற்றைய மதிப்பீடு கொள்கையளவில் சரியானது. ஆனால் மணிகள் கூடக்கூட அதன் இரைச்சலும் கூடும்.

ஓட்டத்தை அமைத்தல்

ஐ-பிஐ என்ற இலவசத் திறந்த மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது பைத்தானில் எழுதப்பட்டது. மணிகளை நகர்த்துவது மட்டுமே அதன் வேலை, விசையைக் கணிப்பது அதோடு சேர்ந்து வரும் இன்னொரு சிறிய நிரலின் வேலை. கியூ-டிப்4பி/எஃப் மாதிரி அந்தச் சிறிய நிரலிலேயே இருப்பதால் வேறெதையும் தேடவேண்டியதில்லை. இணைய இணைப்பு நன்றாக உள்ள ஓரிடத்தில் ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் பின்னர் இணையம் தேவைப்படாது.

அணுக்களை ஒட்சிசன், ஐதரசன், ஐதரசன் என்ற ஒழுங்கில் மூலக்கூறு மூலக்கூறாக எழுதுங்கள். விசை நிரல் பெயரைப் பார்ப்பதில்லை, ஒழுங்கையே பார்க்கிறது. தொடக்க அமைப்பில் இரு ஒட்சிசன்களுக்கும் இடையே 2.9 அல்லது 3 அங்ஸ்ரம் வையுங்கள். 1977இல் டைக்கும் முன்டரும் அவர்களது சகாக்களும் நுண்ணலை நிறமாலையால் அளந்த தூரம் 2.98 அங்ஸ்ரம். பெட்டியின் பக்கத்தை 35 அங்ஸ்ரம் அளவுக்குப் பெரிதாக்கினால் பிம்ப மூலக்கூறுகளின் தொல்லை புறக்கணிக்கத்தக்கதாகும். நேரப்படியை 0.25 பெம்டோ செக்கனாக வையுங்கள். வெப்பநிலைச் சீராக்கிக்கு மணிவளையத்தின் இயல்பு அதிர்வு வகைகளுக்கு ஏற்பத் தனித்தனியே உராய்வு கொடுக்கும் லாஞ்சவான் வகையைத் தெரிவுசெய்யுங்கள். சாதாரணச் சீராக்கியில் விறைப்பான வளைய அதிர்வுகள் சரியாகச் சூடேறாமல் நின்றுவிடலாம்.

வெப்பநிலை 100 கெல்வின். 300 கெல்வினில் இருபகுதியத்தின் பிணைப்பு வெப்பச் சக்தியின் ஐந்து மடங்கு மட்டுமே என்பதால் அது உடைந்து, இரண்டு மூலக்கூறுகளும் பெட்டிக்குள் தனித்தனியே அலையத் தொடங்கும். அப்போது நீங்கள் கணிப்பது கொத்தின் பண்பாக இராது. 100 கெல்வினில் அந்த மடங்கு 16.

ஒரு ஐதரசனை மட்டும் குறியிட்டு அதன் திணிவை மேற்சொன்ன ஐந்து பெறுமானங்களாக மாற்றி ஐந்து ஓட்டங்களை நடத்துங்கள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு எழுமாற்று வித்து எண்ணோடு நான்கு தடவையாவது திரும்பச் செய்தால் நியம வழுவை நேர்மையாகக் கூறலாம். முதல் 10 பிக்கோ செக்கனை விட்டுவிடுங்கள்.

ஓட்டங்களின்போது நன்கொடையாளரும் (பிணைப்புக்கு ஐதரசனைக் கொடுக்கும் மூலக்கூறு) ஏற்பவரும் (அதைத் தன் ஒட்சிசனால் ஏற்கும் மூலக்கூறு) அடிக்கடி இடம் மாறிக்கொள்வார்கள். மூலக்கூறு சுழன்று, வெளியே இருந்த ஐதரசன் உள்ளே வரும். அது பிழையன்று. ஒவ்வொரு சட்டகத்திலும் குறியிட்ட அணு எங்கே இருக்கிறது என்று வகைப்படுத்துங்கள்: மற்ற மூலக்கூறின் ஒட்சிசனுக்கு 2.5 அங்ஸ்ரத்துக்குள்ளும், எல்லா ஐதரசன்களிலும் மிக அருகிலும் இருந்தால் அது பிணைப்புக்குள் உள்ளது. இந்த அளவீட்டுக்குத் தனி மணிகளின் இடத்தைக் கொள்ளாமல் வளைய மையங்களின் இடத்தையே கொள்ளுங்கள். வீரியல் மதிப்பீடு மையத்தை அசையாமல் வைத்துத் தருவிக்கப்பட்டது. ஆகவே மையத்தால் வகைப்படுத்தினால், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே எடுக்கும் இயக்கசக்திச் சராசரி, அவ்வகையின் சுயாதீன சக்திக்குச் சரியான பெறுதியாகவே அமையும். பலர் கவனியாமல் விடும் நுட்பம் இது.

நமது பக்கத்துக்கே உரிய இரண்டு சொற்கள் இங்கே சேர்க்கவேண்டும். மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே மீள்தொடக்கக் கோப்பைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதும்படி அமைத்து, முந்தைய கோப்பின் பிரதியையும் வைத்திருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்தால் கடைசிக் கோப்பு பழுதாகிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் நீண்ட ஓட்டங்களை இரவில் விடுவது நல்லது.

சரிபார்த்தல்

கொத்துக்குப் போவதற்கு முன் ஒரு தனி நீர் மூலக்கூறை அதே அமைப்பில் ஓட்டுங்கள். அதே அழுத்தசக்திச் சார்பில் இழிவுச் சக்தி அமைப்பைக் கண்டு, மூன்று அதிர்வு மீடிறன்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் இசை அதிர்வு இயக்கசக்தியையும் மேலே சொன்ன மணித் திருத்தத்தோடு கூட்டுங்கள். இடப்பெயர்ச்சிக்கும் சுழற்சிக்கும் சேர்த்து வெப்பச் சக்தியின் மூன்று மடங்கைச் சேருங்கள். ஓட்டம் தரும் மொத்த இயக்கசக்தி இதிலிருந்து ஓரிரு வீதமே விலகவேண்டும். விலகலுக்குக் காரணம் இசையின்மை. பத்து வீதம் விலகினால் அலகுப் பிழையையோ திணிவுப் பிழையையோ தேடுங்கள். ஐ-பிஐ உள்ளே அணு அலகுகளில் இயங்குவதால், இலத்திரனின் திணிவில் எழுதவேண்டிய எண்ணை அணுத்திணிவு அலகில் எழுதிவிடுவது எளிதில் நேரும். ஓர் அணுத்திணிவு அலகு 1822.89 இலத்திரன் திணிவுகள்.

இரண்டாவது சரிபார்ப்பு, ஒரே மணியுடன் ஓர் ஓட்டம். அப்போது வளையம் இல்லை, குவாண்டம் இல்லை. பிணைப்புக்குள்ளும் வெளியேயும் இயக்கசக்தி சரியாக ஒன்றாகி, சமதானி விளைவு பூச்சியமாகவேண்டும். ஆகாவிட்டால் பகுப்பாய்வு நிரலில் பிழை இருக்கிறது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. குறியிட்ட அணு தூத்தேரியமாக உள்ள நீண்ட ஓட்டத்தில், அது பிணைப்புக்குள் நிற்கும் சட்டகங்களை நேரே எண்ணுங்கள். நான்கு இடங்களில் ஒன்று மட்டுமே பிணைப்புக்குள் உள்ளது. நாட்டம் எதுவும் இல்லாவிட்டால் கால்வாசி நேரமே அங்கே நிற்கும். கூடுதலாக நின்றால், உள்ளே நின்ற நேரத்தை வெளியே நின்ற நேரத்தால் வகுத்து மூன்றால் பெருக்குங்கள். தொகையீட்டிலிருந்து பெற்ற விகிதத்தோடு அது வழுவெல்லைக்குள் ஒத்துவர வேண்டும். 100 கெல்வினில் வெப்பச் சக்தி 69.5 செ.மீ.⁻¹ என்பதால், சுயாதீன சக்தி வேறுபாடு 50 செ.மீ.⁻¹ என்று வந்தால் அந்த விகிதம் 2க்குச் சற்று மேல் இருக்கும். ஒன்றையொன்று சாராத இரு வழிகளில் ஒரே விடை வரும்போதுதான் அந்த எண்ணை மற்றவருக்குச் சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

விடை கிடைத்த பின், இயக்கசக்தியைப் பிணைப்பின் வழியே ஒரு கூறாகவும், மூலக்கூற்றுத் தளத்துக்குள் குறுக்கே ஒரு கூறாகவும், தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கூறாகவும் பிரித்துப் பாருங்கள். பிணைப்புக்குள் வரும்போது முதற்கூறு குறைந்து மற்ற இரண்டும் கூடுவதைக் காண்பீர்கள். தாளில் செய்த கணக்கின் இரண்டு போக்குகளும் இங்கே தனித்தனியே எண்களாகத் தெரியும்.

அடுத்த கொத்துகள்

முப்பகுதியமும் நான்கு, ஐந்து மூலக்கூற்றுக் கொத்துகளும் வளைய வடிவின. ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் ஐதரசனை உள்ளே கொடுத்து ஒன்றை வெளியே வைத்திருக்கும். வகைப்படுத்துவது எளிது, பிணைப்புகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் நீட்டல் இறக்கமும் கூடுகிறது. இந்தக் கூட்டு வலுவூட்டலை ஏற்றங்கள் மாறாத எளிய மாதிரி காட்டாது. எம்பி-போல் போன்றது இங்கே அவசியமாகிறது.

ஆறு மூலக்கூறுகளில் அவசரப்படாதீர்கள். அரியம், கூடு, புத்தகம் என்று அழைக்கப்படும் மூன்று வடிவங்களையும் 2012இல் ஒரே பரிசோதனையில் சுழற்சி நிறமாலையால் கண்டார்கள். அவற்றின் சக்திகள் அவ்வளவு நெருங்கியவை. நாம் தேடும் சமதானி வேறுபாடும் அதே அளவினதாக இருப்பதால், ஒரு வடிவத்தில் தொடங்கிய ஓட்டம் அங்கேயே சிக்கிக்கொண்டால் விடை அந்த வடிவத்துக்கு மட்டுமே உரியது. பல வெப்பநிலைகளில் இணையாக ஓட்டி அமைப்புகளை இடையிடையே பரிமாறும் முறையைப் பயன்படுத்துங்கள், அல்லது எந்த வடிவத்துக்குரிய விடை என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். கருக்கள் வடிவத்துக்கு வடிவம் ஊடுருவிச் செல்வதால் நிறமாலையில் தோன்றும் பிளவுகளை இந்த முறை நேரடியாகத் தராது. அது சமநிலைச் சராசரிகளுக்கான முறை.

ஒட்சிசன்-18ஐக் கணிக்கவும் இதே படிகள்தான்: திணிவு 15.995இலிருந்து 17.999 வரை, மூன்று புள்ளிகள் போதும். ஆனால் ஒட்சிசனின் குவாண்டம் இயல்பு மிகச் சிறியதாகையால் விளைவும் சிறிது. ஓட்டங்களைப் பல மடங்கு நீட்டவேண்டும். மணித்தொகையைக் கூட்டுவதில் அங்கே பயன் குறைவு. கிடைக்கும் கணினி நேரம் முழுவதையும் ஓட்டத்தின் நீளத்துக்கே கொடுங்கள்.